வழவழப்பு சரி... தூசி எங்கே போச்சு?

மரக்கிண்ணம் கடையற வீடியோக்கள்ல ஒரு விஷயம் கவனிச்சிருக்கீங்களா மக்களே? உளி மரத்துல பட்டதும் ரிப்பன் ரிப்பனா சீவல் பறக்கும். அதைப் பத்து நிமிஷம் காட்டுவாங்க. உப்புத்தாளைக் கையில எடுத்த உடனே வீடியோ தலைதெறிக்க ஓடும். பதினைஞ்சு செகண்டுல கிண்ணம் கண்ணாடி மாதிரி மின்னிக்கிட்டு வந்து நிக்கும். நிஜத்துல அந்தப் பதினைஞ்சு செகண்டுங்கிறது குறைஞ்சது ஒரு மணி நேரம். எனக்குத் தெரிஞ்சு கடைசல் வேலையில சண்டை, சந்தேகம், சுயபுராணம் எல்லாமே அந்த ஒரு மணி நேரத்தைப் பத்திதான். கையால தேய்க்கறதா, டிரில்லுல வட்டு மாட்டித் தேய்க்கறதா, எண்ணெய் விட்டுத் தேய்க்கறதா, எந்த நம்பர்ல ஆரம்பிக்கறது, எதுல நிறுத்தறது...

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். 'எது நல்லா மின்னும்'ங்கிறது ரெண்டாவது கேள்வி. 'தேய்ச்ச தூசி எங்கே போகுது'ங்கிறதுதான் முதல் கேள்வி. இந்த வரிசையை மாத்திக் கேக்கறதாலதான் நம்ம ஊர்ப் பட்டறைகள்ல வேலை செய்யறவங்க மூக்கும் நெஞ்சும் பாழாகுதுங்கிறது என் கருத்து. இதோட ஒத்துப் போகாதவங்க பின்னூட்டத்துல வந்து கும்மலாம், ஆட்சேபணையே இல்ல.

என்னைப் பத்தி ரெண்டு வரி, புதுசா வந்தவங்களுக்காக. பெங்களூருல பொட்டி தட்டற வேலை. படிச்சது எஞ்சினியரிங், ஆனா மரத்துக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அரியலூர் பக்கம் எங்க கிராமத்து வீட்டுல, மாட்டுக்கொட்டாயா இருந்த இடத்துல ஒரு சின்ன லேத் போட்டிருக்கேன். ஆபீஸ்ல ஆணி குறைவா இருக்கற மாசம் ஊருக்கு ஓடிடுவேன். வேப்பமரம், மாமரம், பூவரசு, ரோட்டோரம் வெட்டிப் போட்ட சீமைக்கருவேலம், எது கிடைச்சாலும் கிண்ணம்தான். சாமான் வாங்கப் பெரம்பலூர். வேலை தெரிஞ்சவங்ககிட்ட பேசணும்னா இன்னும் கொஞ்சம் வண்டியை முறுக்கி அரும்பாவூர்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

கிண்ணத்தைத் தேய்க்கறது மேஜையைத் தேய்க்கற மாதிரி இல்ல. மேஜைப் பலகையில நார் ஒரே திசையில ஓடும், அந்த வாக்குலயே தேய்ச்சுட்டுப் போயிடலாம். கிண்ணத்துல அப்படி முடியாது. பலகையைப் படுக்கப் போட்டுக் கடையும்போது, ஒரு சுத்துக்குள்ள ரெண்டு தடவை உளி நாரோட போகும், ரெண்டு தடவை நாருக்கு எதிரா ஏறும். எதிரா ஏறற அந்த ரெண்டு இடத்துலயும் நார் அறுபடாம பிய்ஞ்சு நிக்கும். கடைஞ்ச கிண்ணத்தைக் கையில எடுத்துத் தடவிப் பாருங்க. எதிரும் புதிருமா ரெண்டு இடம் நாய் நாக்கு மாதிரி சொரசொரன்னு இருக்கும். உப்புத்தாளோட முக்கால்வாசி வேலை இந்த ரெண்டு இடத்துக்காகத்தான். ஆனா லேத்தை ஓடவிட்டுத் தேய்க்கும்போது தாள் எல்லா இடத்தையும் சமமாத்தான் தொடும். ரெண்டு திட்டு சரியாகறதுக்காகக் கிண்ணம் முழுக்கத் தேயணும். அதுலயும் மென்மையான பகுதி சீக்கிரம் கரையும், கெட்டியான பகுதி நின்னுடும். ரொம்ப நேரம் தேய்ச்சா வட்டமே கோணிக்கும்.

இன்னொரு கணக்கும் இருக்கு. 25 செ.மீ. கிண்ணம், லேத் நிமிஷத்துக்கு 500 சுத்து. விளிம்புல வேகம் நொடிக்கு ஆறரை மீட்டர். நடு மையத்துல? பூஜ்யம். அதாவது விளிம்புல தாள் பறந்து பறந்து அரைக்கும், அடியில சும்மா ஒக்காந்திருக்கும். அதனாலதான் பழகாத கையில கிண்ணத்தோட நடுவுல மட்டும் ஒரு சொரசொரப்பும் சின்னச் சின்ன வட்டக்கோடுகளும் மிச்சம் நிக்குது. நிறைய பேர் உப்புத்தாளைக் குத்தம் சொல்றாங்க. பாவம், அது என்ன பண்ணும்.

இதுக்கு முதல் மருந்து உப்புத்தாளே இல்ல, உளி. கடைசி ஒண்ணு ரெண்டு சுத்துக்கு முன்னாடி உளியை நல்லா சாணை பிடிச்சு, மெலிசா, அவசரப்படாம சீவணும். அப்பவும் பிய்ஞ்ச திட்டு போகலைன்னா சுரண்டுற உளியைச் சாய்ச்சுப் பிடிச்சு நூலாம்படை மாதிரி சீவல் வர்ற அளவுக்கு இழுக்கணும். நம்ம ஊர் ஆசாரிங்க உடைஞ்ச கண்ணாடித் துண்டாலயும் சுரண்டுவாங்க, அதுவும் இதே தத்துவம்தான். ஒழுங்கா சீவின கிண்ணத்துக்கு 120 அல்லது 150 நம்பர்ல ஆரம்பிச்சாப் போதும். அவசரமா சீவினதுக்கு 60, 80 வேணும். 80 நம்பர் தாளை உளி மாதிரி உபயோகிக்கறவங்களைப் பாத்தா எனக்கு எங்க ஆபீஸ்தான் ஞாபகம் வரும். 'இப்போதைக்கு எழுதித் தள்ளு, டெஸ்டிங்ல பாத்துக்கலாம்'னு சொல்ற அதே மனோபாவம் :-)

நம்பர்னா என்னன்னு கேக்கறவங்களுக்கு: 'பி' போட்ட வரிசையில 80 நம்பர் தாள்ல ஒரு மணி சராசரி 200 மைக்ரான் இருக்கும். 120ல 125, 180ல 82, 240ல 58, 400ல 35. ஒவ்வொரு தாளோட வேலையும் முன்னாடி போன தாள் போட்ட கீறலை அழிக்கறது மட்டும்தான். அதனால 80லேர்ந்து 240க்குத் தாவினா, கீறலை அழிக்கப் பெரிய தாளுக்கு ஆகற நேரத்தைப் போல பல மடங்கு சின்னத் தாளுக்கு ஆகும், தூசியும் அதே அளவுக்குக் கிளம்பும். 80, 120, 180, 240, அப்புறம் 320. நடுவுல ஒரு படியைத் தாண்டறது சிக்கனமே இல்ல. சோறு சாப்பிடற கிண்ணத்துக்கு 320க்கு மேல போறது வெறும் அழகு. 600, 1000னு போறவங்க போகட்டும், ஆனா எண்ணெய் தடவினதும் 320க்கும் 600க்கும் வித்தியாசத்தைக் கண்ணை மூடிட்டு விரலால சொல்றவங்களுக்கு நான் சோடா வாங்கித் தர்றேன்.

இனிமே முறைகள்.

லேத் ஓட ஓட விரலால தாளைப் பிடிக்கறது எல்லாரும் செய்யறது. செலவு கம்மி. விரலுக்குச் சூடு தெரியறதுதான் இதுல ஒரே நல்ல குணம். விரல் சுட்டா மரமும் சுடுதுன்னு அர்த்தம், ஈரம் முழுசாப் போகாத மரம்னா மயிரிழை மயிரிழையா வெடிப்பு விடும். வேகத்தைக் கூட்டினா சீக்கிரம் முடியும்னு நினைக்கறது தப்பு. சூடுதான் கூடும், மணி மழுங்கி தாள் வழுக்கும். தாளை விரல்ல சுத்திக்கவே கூடாது, மடிச்சு விரல் நுனியில பிடிச்சு, கிண்ணம் கீழே இறங்கற பக்கத்துல மட்டும் தொடணும். நம்ம ஊர்ல சொல்ல வேண்டிய இன்னொண்ணு: தோள்ல துண்டு போட்டுக்கிட்டு ஓடற லேத் கிட்ட போகாதீங்க. வேட்டியும் வேண்டாம்.

இந்த முறையில முகம் எங்கே இருக்குன்னு யோசிங்க. கிண்ணத்தோட வாய்க்கு நேரா. தூசி எந்தப் பக்கம் வீசுது? கிண்ணத்தோட வாய்லேர்ந்து வெளியே. அதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்ல.

டிரில்லுல ஸ்பாஞ்சு அட்டையும் அதுல வெல்க்ரோ வட்டுத்தாளும் மாட்டித் தேய்க்கறது அடுத்தது. கிண்ணமும் சுத்தும், வட்டும் சுத்தும், அதனால ஒரே பாதையில கீறல் விழாது. மையத்துல கிண்ணம் நின்னாலும் வட்டு ஓடிட்டிருக்கும், நடுவுல இருக்கற வட்டக்கோடு பிரச்சினை அதோட தீர்ந்துது. லேத்தை நிறுத்திட்டு பிய்ஞ்ச திட்டுல மட்டும் வட்டை வெச்சுத் தேய்க்கவும் முடியும், மத்த இடம் தேயாது. நான் இதுக்குத்தான் ஓட்டுப் போடுவேன். ஆனா ஒரு நிபந்தனை: பக்கத்துல உறிஞ்சுற குழாய் ஓடிட்டிருக்கணும். ஏன்னா மத்த எல்லா முறையையும் விட வேகமா, அதிகமாத் தூசி கிளப்பறது இதுதான். குழாய் இல்லாத டிரில் வட்டை விட விரலே தேவலை.

டிரில் இல்லாம, ஒரு பிடியில பேரிங் வெச்சு வட்டை மாட்டி, கிண்ணத்தோட ஓட்டத்துலயே வட்டும் சுத்தற மாதிரி ஒரு கருவி இருக்கு. கரண்ட் தேவையில்ல, சூடும் கம்மி. பழைய ஸ்கேட்டிங் சக்கர பேரிங் ஒண்ணு கிடைச்சா வீட்லயே செஞ்சுக்கலாம். ரொம்ப சொரசொரப்பான மரத்துக்கு இதுல தெம்பு பத்தாது, அவ்வளவுதான்.

எண்ணெய் விட்டு ஈரமாத் தேய்க்கறது நம்மாளுங்க அதிகம் முயற்சி பண்ணாத வழி. தூசி காத்துல கிளம்பாம சேறா மாறி மரத்துளைகளையே அடைச்சுக்கும், மேற்பரப்பும் நிரந்து வரும். வேம்பு, சீமைக்கருவேலம் மாதிரி நிறமான மரத்துக்கு அருமையா இருக்கு. வெளிறின மாமரத்துக்கு வேண்டாம், சேறு துளையில போய் அழுக்கா நிக்கும். அதுலயும் கறுப்பு நிறத் தண்ணித்தாளை வெள்ளை மரத்துல போட்டா கறுப்புப் பொடி ஏறிக்கும்.

இதெல்லாம் வர்றதுக்கு முன்னாடி என்ன பண்ணாங்கன்னு கேட்டா, இலைதான். திருச்சி பக்கம் திருப்பராய்த்துறைன்னு ஊர் இருக்கே, அந்தக் கோயிலோட தலமரம் பராய். அந்தப் பராய் இலை பச்சையிலயே உப்புத்தாள் மாதிரி இருக்கும். மரத்தையும் யானைத் தந்தத்தையும் அதை வெச்சு மெருகு போட்டிருக்காங்க. பெங்களூருலேர்ந்து 60 கிலோமீட்டர்ல இருக்கற சன்னபட்டணத்துல பொம்மைக்குக் கடைசியா மெருகு ஏத்தறது தாழை ஓலையால. அவங்க வெட்பாலை மரத்தைக் கடைஞ்சு, சாயம் கலந்த அரக்குக் குச்சியை ஓடற பொம்மை மேல அழுத்துவாங்க. உராயற சூட்டுல அரக்கு இளகி மரத்துல ஒட்டிக்கும். அப்புறம் தாழை ஓலையை வெச்சு அழுத்தித் தேய்ச்சா பளபளப்பு. அந்தக் கட்டத்துல மரத்தூசிங்கிற பேச்சே இல்ல. ஆனா சூடா சாதம் போடற கிண்ணத்துக்கு அரக்கு சரிப்படாது, இளகும். அதனால இது பொம்மைக்கும் சிமிழுக்கும்தான்.

நம்ம ஊர்ச் சங்கதி ஒண்ணு இந்த இடத்துல. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூர்ல கல்மரம் பாத்திருப்பீங்க. 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக்கிட்டு இருக்கு. 1940ல இந்தியப் புவியியல் துறையைச் சேர்ந்த எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டுபிடிச்சது, வயசு சுமார் 12 கோடி வருஷம். மரமா இருந்தது சிலிக்காவா மாறிப் போச்சு. சிலிக்கான்னா மணல், அதாவது அந்தக் காலத்து உப்புத்தாள்ல ஒட்டின அதே சரக்கு. மரத்தைத் தேய்க்கறதுக்கு பதிலா மரமே தேய்க்கற பொருளா ஆயிட்ட ஊர் நம்ம ஊர். மொக்கைதான், மன்னிச்சுக்குங்க.

இப்போ தூசி.

அரும்பாவூர் பச்சைமலை அடிவாரத்துல இருக்கு, வேப்பந்தட்டை தாலுக்கா. அங்கே நடக்கறது கடைசல் இல்ல, மரச்சிற்பம். வாகை, மா, வேம்பு இப்படி மரங்கள்ல சாமி சிலைகள் செய்யறாங்க. 2020ல அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைச்சுது. சிற்பமோ கிண்ணமோ, கடைசிக் கட்டம் ஒண்ணுதான்: உப்புத்தாள். அந்தப் பக்கம் வேலை செய்யற ஒரு பெரியவர்கிட்ட பேசிட்டிருந்தப்ப, "வாகையைத் தேய்ச்சா தும்மல் நிக்காது தம்பி"ன்னார், ஏதோ மழை வந்தா குடை வேணும்னு சொல்ற மாதிரி. "மாஸ்க் போடலாமேங்க"ன்னேன். "போட்டா மூச்சு முட்டுது, கண்ணாடி வேற ஆவி பிடிக்குது. காலையிலேர்ந்து சாயந்தரம் வரைக்கும் அதைப் போட்டுக்கிட்டு நீ தேய்ச்சுப் பாரு"ன்னார். பதில் சொல்ல முடியல.

வாகைத் தூசி தும்மல் வரவைக்கும்ங்கிறது அவர் அனுபவம் மட்டும் இல்ல, அந்த மரத்தைப் பத்தின குறிப்புகள்லயே உண்டு. தும்மலோட போச்சுன்னா பரவாயில்ல. இங்கிலாந்துல ஹை விக்கம்னு ஒரு ஊர், நாற்காலிக்குப் பேர் போனது. ஒரு காலத்துல அதைச் சுத்தி இருந்த காட்டுல உக்காந்து காலால மிதிக்கற லேத்துல நாற்காலிக் கால் கடைஞ்ச ஆளுங்க இருந்தாங்க, அப்புறம் தொழிற்சாலைகள் வந்துது. 1960கள்ல அங்கே இருந்த எஸ்மே ஹாட்ஃபீல்டுங்கிற காது மூக்கு தொண்டை டாக்டர், மூக்குக்குள்ள வர்ற ஒரு அபூர்வமான புற்றுநோய் மரச்சாமான் தொழிலாளிகளுக்குத் திரும்பத் திரும்ப வர்றதைக் கவனிச்சாங்க. மத்த டாக்டர்களோட சேர்ந்து 1968ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல எழுதினாங்க. வேலைக்குச் சேர்ந்து பல பத்து வருஷம் கழிச்சு வந்த நோய். 1995ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு மரத்தூசியை முதல் பிரிவுல, அதாவது மனுஷனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான பொருள்களோட சேர்த்துது.

பயமுறுத்தறதுக்காகச் சொல்லல. அந்த நோய் அபூர்வம். என்னை மாதிரி மாசத்துக்கு நாலு கிண்ணம் கடையறவனுக்கும் முப்பது வருஷம் தினமும் தேய்க்கறவருக்கும் ஆபத்து ஒண்ணு இல்ல. ஆஸ்துமா, ஓயாத சளி, தோல் அரிப்பு, இதெல்லாம்தான் சாதாரணமா வர்றது. ஆனா ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. ஐரோப்பிய யூனியன்ல கெட்டி மரத் தூசிக்கு 2023 ஜனவரியிலேர்ந்து வரம்பு ஒரு கன மீட்டர் காத்துல 2 மில்லிகிராம், எட்டு மணி நேரச் சராசரி. என் கொட்டாய் நாலுக்கு மூணு மீட்டர், உயரம் மூணு. 36 கன மீட்டர். அதாவது 72 மில்லிகிராம் தூசி மிதந்தாலே வரம்பு எட்டிடும். இப்போ 25 செ.மீ. கிண்ணம், உள்ளேயும் வெளியேயும் சேர்த்து சுமார் 1400 சதுர செ.மீ. எல்லா நம்பரும் சேர்ந்து 0.2 மி.மீ. தேய்ச்சா 28 கன செ.மீ. மரம் பொடியாகுது. எடை ஏறக்குறைய 17 கிராம். அதுல நூத்துல ஒரு பங்கு காத்துல நின்னாக்கூட 170 மில்லிகிராம். ஒரே ஒரு கிண்ணம். இது தோராயக் கணக்குதான், கதவு ஜன்னல் எல்லாம் மூடியிருக்குன்னு வெச்சுப் போட்டது. ஆனா எந்தப் பக்கம் எவ்வளவு சாயுதுன்னு தெரியுதுல்ல?

கண்ணுக்குத் தெரியற தூசி பரவாயில்ல, கீழே விழுந்துடும், மூக்குமுடியிலயும் மாட்டும். தெரியாத தூசிதான் மணிக்கணக்கா மிதக்கும், நெஞ்சு வரைக்கும் போகும். லேத்தை நிறுத்திட்டு மாஸ்க்கைக் கழட்டிட்டு டீ குடிக்கறப்ப உள்ளே போறது அதுதான். அரியலூர்க்காரங்களுக்குத் தூசியைப் பத்தி நான் கிளாஸ் எடுக்க வேண்டியதில்ல. சுண்ணாம்புக்கல் லாரியும் சிமெண்ட் ஆலையும் பாத்து வளர்ந்தவங்க நாம. ரோட்டுத் தூசிக்கு மனு கொடுக்கறோம். நம்ம பட்டறைத் தூசியை மட்டும் 'தொழில்னா அப்படித்தான்'னு விட்டுடறோம்.

அதனால என் வரிசை இது. முதல்ல உளியால நல்லா சீவித் தேய்க்க வேண்டிய வேலையையே குறைக்கறது. அப்புறம் தூசி பிறக்கற இடத்துலயே உறிஞ்சறது. அதுக்கப்புறம் எண்ணெய் விட்டுத் தேய்க்க முடிஞ்ச மரத்துல அப்படித் தேய்க்கறது. கடைசியில லேத்தை நிறுத்திட்டு, நாரோட வாக்குல, கடைசி நம்பர் தாளைக் கையால மெதுவா ஓட்டறது. இதுல தூசி ரொம்பக் கம்மி, வட்டக்கோடுகளும் அழியும். மாஸ்க் இத்தனைக்கும் அப்புறம்தான். போடணும், துணி மாஸ்க் இல்ல, என்95. ஆனா அதை மட்டும் நம்பி ஒரு ஆளை நாள் பூரா தேய்க்க வைக்கறது நியாயமே இல்ல. பெரியவர் சொன்னது சரி.

உறிஞ்சறதுன்னா பெருசா எதுவும் வேண்டாம். ஈரம், காய்ஞ்சது ரெண்டையும் உறிஞ்சுற சாதாரண வேக்கம் மெஷின் ஒண்ணு, அதோட குழாய் வாயை கிண்ணத்தோட கீழ்ப்பக்கம் தூசி பாயற திசையில ஒரு சாண் தூரத்துக்குள்ள கட்டி வைக்கணும். ஒரு முழம் தள்ளிப் போனாலே உறிஞ்சுற பலம் பெரும்பாலும் போயிடும். மெஷினோட பின்பக்கக் காத்து வெளியே போற மாதிரி ஜன்னலைப் பாத்து வைக்கணும், இல்லைன்னா அது பொடித் தூசியை வடிகட்டாம திரும்ப அறைக்குள்ளயே துப்பும். அதுக்கும் வழியில்லைன்னா வேப்பமரத்தடிக்கு வந்துடுங்க, முதுகுப் பக்கமா டேபிள் ஃபேன் ஒண்ணு வெச்சுக்குங்க. காத்து உங்களைத் தாண்டித் தூசியை எடுத்துட்டுப் போகணும், உங்க மூஞ்சிக்குக் கொண்டு வரக்கூடாது. தூசியைத் துடைப்பத்தால பெருக்காதீங்க, விழுந்ததை மறுபடி எழுப்பி விடற வேலை அது.

'கைவேலைன்னா கையால தேய்ச்சாத்தான் மதிப்பு'ன்னு சொல்றவங்க இருக்காங்க. வாங்கறவங்கள்லயும் உண்டு, எழுதறவங்கள்லயும் உண்டு. எனக்கு இதுல கடுப்புதான் வருது. சிற்பத்தோட கண்ணும் மூக்கும் உளியோட வேலை, கிண்ணத்தோட வளைவும் உளியோட வேலை. கலை அங்கே முடிஞ்சுது. உப்புத்தாள் வேலையில என்ன கலை இருக்கு? இருந்தா அதை ஏன் நான் பாத்த பட்டறைகள்ல எல்லாம் புதுசாச் சேர்ந்த பையன்கிட்டயும், வீட்டுப் பொம்பளைங்ககிட்டயும் கொடுக்கறாங்க? கூலி கம்மியான வேலைங்கிறதாலதான். மெஷின்ல தேய்ச்சா புனிதம் போச்சுன்னு ஏசி ரூம்ல உக்காந்து கவலைப்படறவங்க ஒரு மதியம் வந்து வாகை மரத்தைத் தேய்ச்சுப் பாக்கலாம். இதுல ஒரு நியாயமான வாதம் மட்டும் உண்டு, அதை ஒத்துக்கறேன்: வட்டு மெஷின் சிற்பத்தோட கூர்மையான ஓரங்களைத் தின்னுடும், மடிப்புகளுக்குள்ள போகாது. அங்கே கைதான். ஆனா அந்தக் கைக்குப் பக்கத்துலயும் உறிஞ்சுற குழாய் இருக்கலாமே, அதுல எந்தக் கலை கெட்டுடும்?

காசுக்கு எங்கே போறதுன்னு கேப்பீங்க. மத்திய அரசு 2023 செப்டம்பர்ல கொண்டு வந்த விஸ்வகர்மா திட்டத்துல கருவி வாங்க 15,000 ரூபாய் வெச்சாங்க. தமிழக அரசு அதை ஏத்துக்காம 2025 ஏப்ரல்ல கலைஞர் கைவினைத் திட்டம்னு தனியா ஆரம்பிச்சுது, 3 லட்சம் வரை கடன், அதுல 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம்னு அறிவிச்சாங்க. ரெண்டுக்கும் நடுவுல இருந்த அரசியலுக்குள்ள நான் போகல. இந்த மாதிரிப் பணம் வரும்போது உளி, டிரில், அறுக்கற மெஷின்னுதான் எல்லாரும் யோசிக்கறாங்க. வேலையை வேகமாக்கற மெஷின் எல்லாம் தூசியையும் வேகமாக்கும். மெஷினுக்குப் பணம் கொடுக்கறவங்க அதோட உறிஞ்சியையும் சேர்த்தே கொடுக்கணும், தனித்தனியாக் கொடுக்கக் கூடாது. புவிசார் குறியீடு பெயரைக் காப்பாத்தும், சந்தையைக் காப்பாத்தும். தேய்க்கறவங்க மூக்கைக் காப்பாத்தறதுக்குன்னு ஒரு குறியீடும் கிடையாது, அதுக்கு அந்தந்தப் பட்டறையில யாராவது ஒருத்தர் பிடிவாதம் பிடிச்சாத்தான் உண்டு.

பெரியவருக்கு அடுத்த தடவை போறப்ப ஒரு பழைய வேக்கம் மெஷினும் ரெண்டு மீட்டர் குழாயும் கொண்டு போறேன்னு சொல்லியிருக்கேன். "சத்தம் வருமா தம்பி?"ன்னார். வரும்னேன். "அப்ப பாட்டு கேக்காதே"ன்னார். அது ஒரு பிரச்சினைதான், யோசிக்கணும் :-)

பி.கு: எண்ணெய் விட்டுத் தேய்க்கறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. தேங்காயெண்ணெய் எத்தனை நாளானாலும் காயாது, ஆளிவிதை எண்ணெய் காய்ஞ்சு கெட்டியாகும், அதனால கிண்ணத்துக்கு ஆளிவிதைதான் நல்லது. ஆனா அது காயும்போது சூடு விடும். எண்ணெயும் மரச்சேறும் துடைச்ச துணியைக் கசக்கிச் சுருட்டி மூலையில போட்டுட்டு வந்துடாதீங்க, தானாவே பத்திக்கும். விரிச்சுக் கொடியில காயப்போடுங்க, இல்லை தண்ணி வாளியில முக்கி வைங்க.